நகராத சைக்கிள்

மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பின், மருத்துவமனையில் என்னை நகராத சைக்கிள் ஒன்றை மிதிக்க வைக்கிறார்கள். அதன் சத்தத்தில் அப்பா வந்துவிடுகிறார்.

காதர்பேட்டைக் கடைகளுக்குச் சைக்கிளில் பனியன் பண்டல் கொண்டுபோகையில் லாரி இடித்து, அவர் கால் முறிந்தது. எண்பதுகளின் கடைசி அது. கட்டுப் பிரித்தபின், தினமும் காலையில் தைல வாசத்தோடு வாசலுக்கு வந்து, ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறி மிதிப்பார். பின்சக்கரம் காற்றில் சுற்றும்.

"காதர்பேட்டை போறேன் கண்ணு, என்ன வாங்கியாரட்டும்?"

"பன்னுங்கப்பா."

ஒருநாள் நிஜமாகவே கிளம்பிப் போனார். மத்தியானம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நொண்டி வந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"விழுந்துட்டேன். பன்னு நசுங்கிருச்சு கண்ணு."

மறுநாள் சக்கரச் சத்தம் கேட்கவில்லை. ஹேண்டில்பாரில் அம்மா ஈரத்துணி காயப்போட்டிருந்தாள்.

"போதுங்க, இறங்குங்க" என்கிறாள் பயிற்சி தரும் பெண்.

"இன்னும் கொஞ்ச தூரம்ங்க" என்கிறேன்.