புளி போட்டு மினுக்கிய போலந்துப் பதக்கம்

கொழும்பிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய ஏவன்டேலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போலந்துக்காரர். போர்க்காலத்தில் சிறுவனாக அகதிக் கப்பலில் வந்து சேர்ந்தவர். அவருடைய தகப்பன், போலந்து தன் விடுதலையை மீட்ட நாட்களில், யாரும் கூப்பிடாமல் தானாகவே போய்ப் படையில் சேர்ந்தவர். அப்படிப் போன தொண்டர்களின் நினைவாகக் கொடுத்த வெண்கலப் பதக்கம் ஒன்றைத் தவிர, தகப்பனுடையதென்று மகனிடம் வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய சுதந்திர தின ஒன்றுகூடல். குத்திக்கொண்டு போகலாமென்று எடுத்தால், பின்னாலிருந்த ஊசி கழன்று கிடக்கிறது. ரேடியோ திருத்துகிற எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று பெரிய மனிதத் தோரணையில் வாங்கி வந்தேன். ஈயம் உருக்கி ஊசியை ஒட்டினேன். வீட்டிலேயே பத்திரமான இடம் என்று சாமித் தட்டில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அது தீபாவளி வாரம் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

சனிக்கிழமை காலை மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, விளக்குகளோட உங்கட அந்தச் சாமானையும் புளி போட்டு மினுக்கிப் போட்டன். என்ன ஊத்தையப்பா அது."

அறுபது வருடமாகப் படிந்த கருமையைக் காணவில்லை. பதக்கத்தில் பொறித்திருந்த கழுகு தங்கநிறத்தில் பளபளத்தது. போலந்து தூதரகம், இமிகிரேஷன், விசா ரத்து, குடும்பத்தோடு விமானம் என்று ஐந்து நிமிடத்தில் கொழும்பு வரைக்கும் போய் இறங்கிவிட்டேன். பிறகு, பழையபடி கறுக்கட்டும் என்று கடும் சாயத் தேநீர் காய்ச்சி, பதக்கத்தை நூலில் கட்டி அதற்குள் தொங்கவிட்டேன்.

"சீனி போடட்டே?" என்றாள் மனைவி.

"பகிடி விடாதையும். அந்தாள் அழப்போகுது."

"ஏன் அழவேணும்? மினுக்கித்தானே குடுக்கிறம்."

கறுக்கவே இல்லை. கதவு தட்டிய சத்தம் கேட்டது, அவர்தான். ஈரத்தைச் சட்டையில் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டு, எங்கள் விளக்குகள், தீபாவளி, புளி என்று மூச்சு விடாமல் விளக்கினேன். பாதியில் தமிழுக்கு மாறிவிட்டதை மனைவி இடித்துத்தான் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனார். பதக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். நான் மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவுக்குக் கொடுத்த அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் கடைசியில். "எனக்கு நினைவு தெரிந்தபோதே அது கறுத்துப்போயிருந்தது. இந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லை."

கண் கலங்கியிருந்ததா என்று நான் பார்க்கவில்லை. என்னுடையதைச் சமாளிக்கவே நேரம் போதவில்லை. குத்திவிடச் சொல்லி வலது பக்க நெஞ்சைக் காட்டினார். தகப்பனுடைய பதக்கத்தை மகன் அந்தப் பக்கம்தான் அணிய வேண்டுமாம். முதலில் என் பெருவிரலில்தான் குத்தினேன்.

ஞாயிறு வரை அவர் பொறுக்கவில்லை. பழைய கம்பளிச் சட்டையில் பதக்கத்தோடு, வெயில் அதில் விழுகிற மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பால் வாங்கத் தெருமூலையில் இருக்கிற டெய்ரிக் கடைப் பக்கம் நடந்தார்.