டாக்டர் டைப் அடிக்க வந்தார்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு பூட்டுக் கடையின் மாடியில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் சின்னாளபட்டியிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள். சாயங்காலம் எல்லா மெஷினும் சேர்ந்து தட்டும்போது, "மேல மழை பெய்யுதாம்மா? நம்ம ஊருக்கு அம்புட்டுக் கொடுப்பினையா?" என்று கடைக்காரர் கீழிருந்து கேலி செய்வார்.

என் கணவருக்கு நூற்பாலையில் வேலை. மில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்து அரசாங்கம் நடத்தும் காப்பீடு உண்டு. அதற்கென்று தனி ஆஸ்பத்திரி. மருந்தும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். வயிற்று எரிச்சல் என்று போய், சாப்பாட்டுக்கு முன்னால் போடும் மாத்திரை வாங்கி வந்தார். மறுநாள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் போய் நின்றார். லாரி வர நேரமாகிவிட்டது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார்.

வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தும் கண் திறக்கவில்லை. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே நர்ஸ் ரத்தம் சோதித்துவிட்டு, "சர்க்கரை மாத்திரை போடுவாராம்மா?" என்று கேட்டார். "அவருக்குச் சர்க்கரையே கிடையாதே!" என்று அலறினேன். குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம்தான் என்றார்கள்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. வழக்கமாக மருந்து கொடுப்பவர் அன்று விடுப்பு. பதிலுக்கு வந்தவருக்கு டாக்டரின் கையெழுத்து பழக்கமில்லை. இரண்டு மாத்திரைகளின் பெயர்களும் தொடக்கத்தில் ஒன்று போல இருக்கும். மீதி வெறும் கிறுக்கல். வயிற்று மாத்திரைக்குப் பதில் சர்க்கரை நோய் மாத்திரையைக் கொடுத்துவிட்டார்.

நான் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அந்த டாக்டர் வார்டுக்கே வந்து போயிருக்கிறார். "மாத்திரைய எடுத்து எடுத்துப் பாத்தாரு. மருந்து கொடுத்த தம்பி மேல தப்பில்ல, என் கையெழுத்துதான் காரணம்னு சொல்லி, என் கையப் பிடிச்சுக்கிட்டாருடி. பாவமா இருந்துச்சு" என்றார் கணவர். எனக்குப் பாவமாக இல்லை. முகம் தெரியாத அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு சாயங்காலம், தலை நரைத்த ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். யாராவது பெண்ணைச் சேர்க்க வந்திருப்பார் என்று நினைத்தேன்.

"எனக்குத்தாம்மா, இங்கிலீஷ் டைப்பிங் கத்துக்கணும்" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"இந்த வயசுல எதுக்கு சார்?"

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நான் டாக்டர்மா. எங்க இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. மருந்துச் சீட்ட அதுல அடிச்சா, மருந்து கொடுக்கிற எடத்துல அப்படியே தெரியும். கட்டாயம் இல்ல, முடிஞ்சவங்க செய்யுங்கன்னு சொல்லியிருக்காங்க. மத்தவங்க உறை போட்டு மூடி வச்சிருக்காங்க. என்னால அப்படி இருக்க முடியல. ஒரு மில்லுத் தொழிலாளி என் கையெழுத்தால சாகப் பாத்தாரு."

"அது என் வீட்டுக்காரர்தான் சார்" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். அத்தனை மாதம் மனதுக்குள் திட்டியது எல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் குனிந்த முதுகைப் பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு.

"உக்காருங்க சார். இடது கை சுண்டு விரல 'ஏ' மேல வைங்க."

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி முடிந்ததும் நேராக வந்துவிடுவார். தடித்த விரல்கள்; ஒரு எழுத்தை அழுத்தினால் இரண்டு விழும். பக்கத்து மெஷின் பெண், "கீழ பாக்காதீங்க சார், மிஸ் திட்டுவாங்க" என்று கிசுகிசுப்பாள். அவரும் பள்ளிப் பையன் மாதிரி நிமிர்ந்துகொள்வார். விரல் கொஞ்சம் படிந்ததும், பாடப் புத்தகத்தை விட்டுவிட்டு மருந்துப் பெயர்களாகவே அடிக்க ஆரம்பித்தார்.

அதன் பிறகு ஒரு நாள் கணவருடன் நானும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. உள்ளே டாக்டர் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"அவரு அடிச்சு முடிக்கிறதுக்குள்ள என் காச்சலே விட்டுரும்!"

"பேனால எழுதித் தொலைங்க சார், அர நாள் சம்பளம் போகுது!"

டாக்டர் தயங்கினார். பேனாவைக் கையில் எடுத்தார். அப்போது என் கணவர் சத்தம் போட்டார்.

"ஏலே, செத்த நேரம் பொறுங்கப்பா! அந்தப் பேனாக் கிறுக்கலுக்குச் செத்துப் பொழச்சவன் நான். நானே நிக்கிறேன்ல?"

டாக்டர் பேனாவை மேஜை மேல் வைத்துவிட்டு மறுபடி தட்டத் தொடங்கினார். எங்கள் முறை வந்தது. "எங்கம்மா வலிக்குது?" என்று டாக்டர் பழக்க தோஷத்தில், தன் மிஸ்ஸான என்னையே நோயாளியாக நினைத்துக் கேட்டார். மூவரும் சிரித்துவிட்டோம்.

போகப் போக அவர் வேகம் கூடியது. பக்கத்து அறை டாக்டர்கள் இரண்டு பேர் அவரிடமே கேட்டுப் பழகி, தங்கள் கம்ப்யூட்டர் உறையைக் கழற்றினார்கள். மாற்றலாகி ஊரை விட்டுப் போகும்போது, என்னிடம் படித்த எல்லாப் பெண்களுக்கும் சிறுமலை வாழைப்பழம் வாங்கிவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மாடியில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அச்சடித்த சீட்டுதான் கொடுக்கிறார்கள். யாரும் அதை ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. எனக்கு மட்டும், செய்த தவறைச் சொல்லி வருந்தியதோடு நிற்காமல், அது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்று நரைத்த வயதில் சின்னப் பெண்களுக்கு நடுவே மாணவராக உட்கார்ந்த ஒருவருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்தேன் என்பது, இன்று நினைத்தாலும் என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய மரியாதையாகத் தோன்றுகிறது.