பாதிப் பக்கத்தில் நின்ற கல்யாணம்

"சார், குடிப்பழக்கம் ரத்தத்துல வருமா?"

போன மாதம் பக்கத்து வீட்டு ஏழுமலை இப்படிக் கேட்டபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனிடம் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? கரன்ட் பில்லுக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்றுதான் கேட்பார்கள்.

ஏழுமலை கள்ளக்குறிச்சியில் விதைக்கடை வைத்திருப்பவர். மகள் ரேவதிக்குச் சங்கராபுரத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். டீக்கடை வரை விசாரித்தாயிற்று... பீர்கூடத் தொடாத பையன். ரேவதிக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் பையனின் அப்பா மலைச் சாராயம் குடித்தே செத்தவர்.

"விதை நெல்லுல கலப்பு இருந்தா வயல்ல காட்டிடும்ல சார்? புக்குல இன்னா போட்டிருக்குதுன்னு பாத்துடலாம்."

ஆக, பத்துப் பொருத்தம் முடிந்து பதினோராவதாக ஜீன் பொருத்தம்! இரண்டு பேரும் நூலகத்துக்குப் போனோம்.

குடியைத் தேடினால், குடிக்காதே என்று புத்தி சொல்லும் புத்தகங்கள். மரபியலைத் தேடினால், போட்டித் தேர்வு கைடுகள் — பட்டாணிச் செடியைத் தாண்டவில்லை. கடைசியில் நூலகர் ஒரு தடித்த ஆங்கில மருத்துவப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். வெளியே எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். குடிக்கு அடிமையானவரின் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்...

ஏழுமலை எழுந்துவிட்டார். "போதும் சார்."

"இருங்க, அடுத்த பாரா 'ஆனால்'னு ஆரம்பிக்குது."

"அதான் புக்குலயே போட்டுட்டானே!"

அவர் போய் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். நானும் புத்தகத்தை மூடிவிட்டுப் பின்னால் ஓடினேன். அன்றைக்கே சங்கராபுரத்துக்கு போன் போய்விட்டது — இந்தச் சம்பந்தம் வேண்டாம்.

நினைத்தது கிடைத்துவிட்டால் அதற்கு மேல் யார் படிக்கிறோம், சொல்லுங்கள்?

மறுநாள் ரேவதி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"வெத மொளைக்கலன்னு யாராச்சும் கடைக்கு வந்தா எங்கப்பா இன்னா சொல்லுவாரு தெரியுமா பெரிப்பா? வெதைல கொறை இல்ல, நீ தண்ணி வுட்ட லட்சணம்னு சண்டைக்குப் போவாரு. இப்ப மட்டும் எல்லாம் வெதையா? நீங்க மீதியையும் படிச்சிக்கினு வாங்களேன்..."

சரி என்றேன். ஆனால் பத்தி அனுப்பவேண்டிய வாரம் அது. அனுப்பிவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் நூலகத்துக்குப் போக முடிந்தது.

'ஆனால்' என்று தொடங்கிய பாராவில் எல்லாமே இருந்தது. அது வெறும் சாத்தியம்தான், தலையெழுத்து அல்ல. வளர்ப்பு, சூழல், அவரவர் எடுக்கும் முடிவு எல்லாம் சேர்ந்ததுதான் மனிதன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் குடிக்கு அடிமையாவதே இல்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது நூலகர் சிரித்தார்.

"இந்த புக்குக்கு இன்னாங்க திடீர்னு கிராக்கி? இத்தினி வருசமா ஒரே ஒரு வாத்தியாருதான் இதை எடுப்பாரு. சங்கராபுரம். காலேஜ் படிக்கிறப்பவே பஸ் ஏறி வந்து, இங்கயே உக்காந்து படிச்சிக்கினு இருப்பாரு. அவங்கப்பா சாராயத்துல பூட்டாராம். தனக்கும் வந்துடுமோன்னு அவ்ளோ பயம் அவருக்கு."

பெயர் கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டியும் இருக்கவில்லை.

நேராக விதைக்கடைக்குப் போய்ச் சொன்னேன். ஏழுமலை அவராகவே போனை எடுத்தார். எதிர்முனையில் பையனின் மாமா.

"வேற எடத்துல பேசி முடிச்சிட்டோங்களே..." என்றார் மரியாதையாக.

ரேவதி இப்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவள் கேட்ட அன்றைக்கே போயிருக்கலாம் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அந்தப் பையன் வருஷக்கணக்காக முழுசாகப் படித்த புத்தகம் அது. அதில் அரைப்பக்கம் படித்துவிட்டு, அவனை நாங்கள் ஃபெயிலாக்கிவிட்டோம்.