மதினியும் நானும் வாங்கிய மலைப்படம்

சிவகாசியில் எங்கள் குடும்பத்துக்குப் பேப்பர் வியாபாரம். அச்சகங்களுக்குத் தேவையான பேப்பரை மில்லிலிருந்து எடுத்து விற்கிறோம். வெளி வேலைகளை அண்ணன் பார்த்துக்கொள்வார், கடையில் நான் இருப்பேன். நாற்பதைத் தாண்டிய பிறகு எனக்கு மலை ஏறுகிற ஆசை வந்தது. மதுரையில் ஒரு நடைக்குழு இருக்கிறது. வனத்துறை அனுமதிக்கிற பாதைகளில் காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்குகிற நடைகளுக்கு அவர்களோடு சில தடவை போயிருந்தேன். போன வருஷம் அந்தக் குழு இமாசலத்தில் ஒரு கணவாயைக் கடக்கிற நடைக்கு ஏற்பாடு செய்தது. ஒரு வாரம் கூடாரத்திலேயே தங்க வேண்டும். யோசிக்காமல் நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் போனிலேயே சரி என்றார். அண்ணன்தான் தயங்கினார். தெரிந்த பொம்பளை ஒருத்தர்கூடத் துணைக்கு இல்லாமல் அவ்வளவு தூரம் எப்படிப் போவாய் என்று கேட்டார். அப்போது அடுப்படியில் இருந்த மதினி வெளியே வந்து, "நான் கூடப் போறேன்" என்றார். அண்ணன் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. மல்லாங்கிணற்றில் பிறந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர் அவர். அதுவரைக்கும் அவர் ஏறிய உயரம் எங்கள் மொட்டைமாடிதான்.

அன்று தொடங்கி இரண்டு பேரும் விடியற்காலையில் நடந்து பழகினோம். குழுத்தலைவர் கொண்டுவர வேண்டிய சாமான்களைச் சொன்னபோது, இரண்டு பேருக்கு ஒன்றாகக் காகித வரைபடம் கட்டாயம் என்றார். அங்கே போனில் சிக்னல் இருக்காது, குளிரில் சார்ஜும் நிற்காது. எந்த வரைபடம் என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்.

பேப்பர் விற்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்தேன். குழுவில் போனுக்கு அனுப்பியிருந்த பாதை வரைபடத்தைப் பக்கத்து அச்சகத்தில் கொடுத்து, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அடித்து வாங்கி வந்தேன். பார்க்க அழகாக இருந்தது. மதினி அதைச் சட்டைப்பை அளவுக்கு மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். மடிப்பில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த வெள்ளைக் கோடு சரியாக நாங்கள் கடக்க வேண்டிய கணவாயின் மேல் ஓடியது. லேமினேஷன் செய்து பார்த்தோம். மடிக்க வராமல் கடை போர்டு மாதிரி விறைத்து நின்றது. கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் காற்று நம்மையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்றார் மதினி.

அப்புறம்தான் மலைநடைக்கென்றே அச்சடித்து விற்கிற படங்களைத் தேடினோம். அவற்றைச் சிந்தெடிக் பேப்பரில் அடிக்கிறார்கள். பார்வைக்குப் பேப்பர், உண்மையில் மெல்லிய பிளாஸ்டிக். எங்கள் கடையிலும் லேபிள் போடுகிறவர்களுக்கு அதை விற்கிறோம். முதலில் வரவழைத்த படத்தை எவ்வளவு இழுத்தும் கிழிக்க முடியவில்லை. எனக்குத் திருப்தி. மதினி அதைத் தண்ணீரில் நனைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது, படத்தில் ஒரு காடு காணாமல் போயிருந்தது. சாதாரணப் பேப்பர் மையை உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறிஞ்சாது, மை அதன் மேலேயே கிடக்கும். அதற்கென்று உள்ள மையில் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் நானே சொல்கிற விஷயம்தான். படம் வாங்கும்போது எனக்கு அது தோன்றவில்லை.

அந்தப் படத்தில் இன்னொரு குறையும் இருந்தது. ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து வரைகிற கோட்டைச் சமஉயரக் கோடு என்பார்கள். அந்தப் படத்தில் நூறு மீட்டருக்கு ஒரு கோடுதான். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒரு பெரிய பாறைச்சரிவே ஒளிந்துகொள்ளலாம். நான் பரவாயில்லை, கிழியாமல் இருக்கிறதே என்றேன்.

"கிழியாம இருந்து என்ன செய்ய? வழி சொல்லணும்ல" என்றார் மதினி.

அடுத்து வந்த படம் விலை கூட. நாற்பது மீட்டருக்கு ஒரு கோடு, ஓடைகள் நீலத்தில், பாதைகள் விட்டுவிட்டுப் போகிற சிவப்புக் கோடுகளாக. சமீபத்தில் அளந்து திருத்தியது என்று ஓரத்தில் போட்டிருந்தது. மதினி அதை ஒரு பகல் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். எடுத்துத் தேய்த்தார். மை அசையவில்லை. குளிரில் மடிப்பு விரிசல் விடுமோ என்று ஈரத்தோடு மடித்து ஃப்ரீசரில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஐஸ்கட்டி எடுக்க வந்த அண்ணன், இமயமலை ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டார். விறைத்துப்போன படத்தை விரித்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. எழுத்து மட்டும் பொடிப்பொடியாக இருந்தது. இரண்டு பேரும் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

படம் கிடைத்துவிட்டது, படிக்கத் தெரிய வேண்டுமே. சிவகாசிப் பக்கத்துப் படத்தை வைத்துப் பழகலாம் என்று பார்த்தால், நம் கரிசல் பூமியில் கோடே இல்லை. மல்லாங்கிணறு இருக்கிற இடம் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. மேற்கே மலையடிவாரத்துக்கு வந்தால்தான் கோடுகள் தொடங்கின. குழுவோடு அங்கே ஒரு நாள் போனபோது, கோடுகள் வளைகிற விதத்தைப் பார்த்து மேடு என்று நாங்கள் இரண்டு பேரும் அடித்துச் சொன்ன இடம், போய்ப் பார்த்தால் வறண்ட ஓடை. குழு முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு மதினி மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டுப் படத்தோடு உட்கார்ந்துவிடுவார்.

ஜூனில், நோட்டுப் புத்தக சீசன் ஓய்ந்ததும் கிளம்பினோம். முதல் இரண்டு நாளும் நல்ல வெயில். படம் பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் குழுவில் ஒருவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாமல் தலைவலியும் வாந்தியும் வந்தது. தலைவரும் உதவியாளரும் அவரைத் தாங்கிக்கொண்டு கூடாரம் போடுகிற இடத்துக்கு வேகமாகப் போனார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் போனார்கள். மெதுவாக நடப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். பாதை ஒன்றுதான், நேரே வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கியது. மழையும் பனியும் கலந்து ஊசி மாதிரி முகத்தில் குத்தியது. ஒன்று என்று சொன்ன பாதை ஒரு பாறைக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அகலமாக, நன்றாக மிதிபட்டுக் கீழே இறங்கியது. மற்றது ஒற்றையடியாகச் சரிவை ஒட்டிப் போனது. கூப்பிட்டுப் பார்த்தோம், பதில் இல்லை. அகலமான பாதையில் போய்விடலாம் என்று இரண்டு எட்டு எடுத்தும் வைத்துவிட்டேன்.

"நில்லு" என்றார் மதினி.

"அம்புட்டுப் பேரும் இதுலதான மதினி போயிருப்பாக? எப்படி மிதிபட்டுக் கெடக்கு பாருங்க."

"ஆடும் போயிருக்கும்" என்று தரையைக் காட்டினார். சேற்றில் புழுக்கை கிடந்தது.

படத்தை எடுத்து விரித்தார். காற்று அதைப் பிடுங்கியது. ஒரு ஓரத்தை முழங்காலில் அமுக்கிக்கொண்டார், மறு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் அதன் மேல் உருண்டு ஓடியது. கடைசியாகத் தாண்டி வந்த ஓடையை அவர் கண்டுபிடித்தார். அங்கிருந்து விரலை மெதுவாக நகர்த்தினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை நகர்த்தினார்.

"நம்ம வழி எந்தக் கோட்டையும் தாண்டலை, பாத்தியா? கோட்டை ஒட்டியே போகுது. அப்ப ஏத்தமும் இருக்கக் கூடாது, எறக்கமும் இருக்கக் கூடாது. அந்தப் பாதை எறங்குதுல்ல, அது ஆத்துக்குப் போறது."

கீழே ஆற்றுப் பக்கம் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துப் போயிருந்தன. அவ்வளவு செங்குத்தான இறக்கம் என்று அர்த்தம். ஒற்றையடிப் பாதையில் அவர் முன்னால் நடந்தார், அவர் பையைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன். பாதை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கோடுகள் அகன்று சமதரையாகக் காட்டியிருந்த இடம் வந்தபோது பனிக்குள்ளிருந்து விசில் சத்தம் கேட்டது. எங்களைத் தேடித் தலைவர் வந்துகொண்டிருந்தார். பிரிகிற இடத்தில் ஓர் ஆளை நிறுத்தாமல் போனது தன் தப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உடம்பு முடியாமல் போனவர் கூடாரத்துக்குள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரைக் கீழே கூட்டிப்போய்விட்டார்கள், தேறிவிட்டார்.

டீ குடித்து முடித்ததும் மதினி சாயங்காலத் தொழுகையான அஸர் தொழ வேண்டும் என்றார். நடுக்குகிற தண்ணீரில் முகம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து, எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டார். சூரியனே தெரியவில்லை. படத்தைத் தரையில் விரித்து, திசைகாட்டியை வைத்து மேற்கைப் பிடித்தேன். ஊரில் நாங்கள் மக்காவை நோக்கி, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்து நிற்போம். அதே பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பப் போனவர் நின்று யோசித்தார்.

"நாம எம்புட்டு வடக்க வந்துட்டோம். மக்கா இப்ப நமக்குத் தெக்க இருக்கும்" என்றார்.

இடப்பக்கம் லேசாகத் திரும்பி, மழைக்கோட்டை விரித்து நின்றுகொண்டார். நானும் போய் அவர் தோளை ஒட்டி நின்றேன். தொழுது முடிக்கும்போது பனி கொஞ்சம் விலகி, எதிரே மறுநாள் நாங்கள் ஏற வேண்டிய சரிவு தெரிந்தது. மதினி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சீக்கிரம் எழுப்பிவிடு, முதல் ஆளாகக் கிளம்பிவிடுவோம் என்றார்.