மரத்துப்போன இரண்டு விரல்கள்

எழுபதுகளின் கடைசி. நெய்வேலி சுரங்கத்தில் நான் கான்ட்ராக்ட் ஃபிட்டர். பெர்மனன்ட் ஆக்குவதற்கான மெடிக்கல் பரிசோதனை அடுத்த மாதம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் குடும்பமே இருந்தது.

எனக்குக் கிடார் பைத்தியம். சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு வாசிப்பதற்காகப் பழைய கிளாசிக்கல் கிடார் ஒன்றை வாங்கி, ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை, பழகுவேன். ஒரே ஸ்கேலை ஒவ்வொரு இடமாகக் கையை நகர்த்தி மேலே கொண்டுபோக வேண்டும். ஆனால் கழுத்தில் பதித்த கம்பிக் கட்டைகளில், பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலேயே கிடாரின் பெட்டி வந்து கையை மறித்துவிடும். நான் விடுவேனா? மணிக்கட்டை முறுக்கி, தோளைத் தூக்கி, அதற்கும் மேலே போய்த் தொடுவேன். எந்தப் பாட்டுக்கும் அது தேவையில்லை. வெறும் வீம்பு.

ஒரு நாள் காலை சட்டைக்குப் பட்டன் போடும்போது, இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்திருந்தன. காபி டம்ளரின் சூடுகூடத் தெரியவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடுங்களேன்" என்றாள்.

"மெடிக்கல் முடியட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று எரிந்து விழுந்தேன். கிடாரைப் பரணில் போட்டேன். விரல்கள் சரியாகவில்லை. வேலை போய்விடுமோ என்று ஒவ்வொரு நாளும் செத்துப் பிழைத்தேன்.

அந்த வாரமே கன்வேயர் மேடையில் ஏறி போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பானரை இடது கைக்கு மாற்றினேன். பிடித்திருப்பதாகத்தான் நினைத்தேன். அது கையில் இல்லை.

கீழே 'ணங்' என்று சத்தம். எட்டிப் பார்த்தேன். குறிஞ்சிப்பாடியிலிருந்து சைக்கிளில் வரும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் அங்கே நின்றிருந்தார். அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி ஸ்பானர் கிடந்தது. அவர் அதை எடுத்துத் தன் தலைத்துண்டால் துடைத்து, ஏணியேறி வந்து என்னிடமே நீட்டினார்.

"கிரீஸ் வழுக்குதுங்களா தம்பி? தொடச்சிட்டேன், இந்தாங்க."

ஸ்பானரில் கிரீஸே இல்லை. இறங்கி நேராக சூப்பர்வைசரிடம் போய், கை மரத்துப்போனதைச் சொன்னேன். என்னை மேடை ஏறாமல் தரையிலேயே செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். அந்த மெடிக்கலுக்கு என் பெயர் போகவில்லை. இரண்டு மாதத்தில் விரல்களில் உணர்ச்சி திரும்பியது. பெர்மனன்ட் ஆக மேலும் ஒரு வருடம் பிடித்தது.

என் வேலைக்காக அத்தனை நாள் பயந்த நான், கீழே நிற்பவருக்காக ஒரு நிமிடமும் பயப்படவில்லை என்பதை நினைத்தால், இன்றும் எனக்கு என் மேலேயே பயமாக இருக்கிறது.