வெறுஞ்சீட்டு

எடின்பரோவுக்கு வந்து நான்கு மாதமாகிறது. இதுவரை என் நிழலை நான் பார்க்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். விருதுநகர் வெயிலில் நடந்தவனுக்கு நிழல் என்பது செருப்பு மாதிரி, காலோடு வருவது. இங்கே கடலிலிருந்து 'ஹார்' என்றொரு மூடுபனி ஏறி வந்து தெருவையே மறைத்துவிடுகிறது. நண்பகலில் எதிரே காலடிச் சத்தம் கேட்கும், ஆள் வரமாட்டார். ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற வந்த எனக்கு வீட்டுக்கார அம்மாள் பேசும் ஆங்கிலம் பாதிகூடப் புரிவதில்லை என்பது தனி வெட்கம்.

லண்டனிலும் எடின்பரோவிலும் எனக்கு இடம் கிடைத்திருந்தது. லண்டனில் நம் ஆட்கள் உண்டு, சோறு கிடைக்கும். இங்கே உச்சரிப்புப் பாடம் பிரமாதம் என்றார்கள். ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டேன். என் அக்கா சிவகாசியில் நர்ஸ். தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டே நாள் கழிப்பவள். "ஏலே, எம்புட்டு நாளைக்கு யோசிப்ப? ஆண்டவர்ட்ட கேட்ருவோம்" என்றாள். எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடும் வழக்கம் உண்டு. அச்சாபீசில் கழித்த காலண்டர் தாளில் மூன்று துண்டு வெட்டினாள். ஒன்றில் லண்டன், இன்னொன்றில் எடின்பரோ. மூன்றாவதில் எதுவும் எழுதக்கூடாது. போகவே வேண்டாம் என்று சொல்ல ஆண்டவருக்கும் ஒரு சீட்டு வேண்டுமே. அக்கா ஒன்றை எடுத்தாள், பிரித்தாள், கொஞ்சம் பொறுத்து "எடின்பரோ" என்றாள். மடித்து என் வேதாகமத்துக்குள் வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் வழக்கப்படி பிரிக்காமல் அடுப்பில் போட்டாள். வந்த சீட்டை மறுபடி பிரிப்பது அவிசுவாசம் என்பார்கள், நானும் பிரிக்கவில்லை. இங்கே அழுகை முட்டும்போதெல்லாம், அனுப்பியவர் அவர்தான் என்று அந்தப் புத்தகத்தைத் தொட்டுக்கொள்வேன்.

தை மாதம் அக்காவின் கடிதம் வந்தது. பேசுவது போலவேதான் எழுதுவாள். "பக்கத்து வீட்டு மதினி ஒன்னைய ஆமத்தூர் பஸ் நிக்கிற எடத்துல பாத்தாகளாம். கொடையோட நின்னியாம். அவன் சீமையிலல்லா இருக்கான்னேன்." சிரித்துக்கொண்டேன். அடுத்த கடிதத்தில் பால்காரரும் பார்த்திருந்தார், அதே இடத்தில், அதே குடையோடு. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் அறையைப் பெருக்கிய வீட்டுக்கார அம்மாள் ஒரு துண்டுத் தாளோடு வந்தாள். வேதாகமத்திலிருந்து விழுந்ததாம், குப்பையா என்று கேட்டாள். "இல்லை, நான் இந்த ஊருக்கு வரக் காரணமே அதுதான்" என்றேன். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினாள். ஒரு பக்கம் காலண்டர் படத்தின் சிவப்பு. மறுபக்கம் வெறும் வெள்ளை. "நல்ல நிறம்" என்று மரியாதையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். வேதாகமத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன், வேறு சீட்டு எதுவும் விழவில்லை.

கோபமாகவே எழுதிக் கேட்டேன். நேற்று பதில் வந்தது.

"ஆமாலே, வெறுஞ்சீட்டுதான் வந்துச்சு. அன்னைக்குக் காலைலதான் ஒன் வயசுப் பய ஒருத்தனுக்கு ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டுட்டு வந்தேன். நீ இங்கன கெடக்க வேண்டாம்னு தோணிச்சு, வாய்க்கு வந்த ஊரச் சொல்லிட்டேன். அந்தப் பொய்க்கு ஆண்டவர்ட்ட நான் பதில் சொல்லிக்கிடுதேன், நீ படி. இன்னொண்ணு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். திங்கக்கெழம நானும் பாத்தேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பல. வெயில்ல ரொம்பக் கறுத்துட்ட."

இன்று காலை முழுவதும் அந்த வரியிலேயே இருந்தேன். சன்னலுக்கு வெளியே ஹார் இறங்கி எதிர்வீடு காணாமல் போயிருந்தது. அக்கா மேல் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம் மட்டும் இருந்தது, கூடவே அங்கே நிற்பவன் மேல் ஒரு பொறாமையும். பிறகு உட்கார்ந்து பதில் எழுதினேன். பரீட்சை முடியாமல் வரமாட்டேன் என்றேன். அடுத்த தடவை பார்த்தால் தெருவில் நின்று கூப்பிடாதே, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போடு என்றேன். ஆண்டவர் இருக்கச் சொன்னது அவனைத்தான்.