மண்டித் தராசில் ஏறிய தகுதி

போன வாரம் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சலூனில் உட்கார்ந்திருந்தேன். என் தலையில் வெட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை; டிவி பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. கபடி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ மலைக்கிராமத்துப் பையன் மூன்று பேரை உதறிவிட்டுக் கோட்டைத் தொட்டான். "பயிற்சியில் வருவதில்லை இது, ரத்தத்திலேயே ஊறியது" என்றார் வர்ணனையாளர். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நகரத்துப் பையன் அதையே செய்தான். "என்ன ஒரு மூளை!" என்றார் அதே மனிதர். நான் சிரித்துவிட்டேன். சவரக் கத்தி காதோரம் இருக்கும்போது சிரிக்கக் கூடாது.

பக்கத்து நாற்காலிக்காரரின் காலடியில் ஒரு பை. மலையிலிருந்து இறக்கிய புதுப்புளி. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பழைய கபடிக்காரன் வெள்ளையன் நினைவில் வந்துவிட்டான்.

அவன் வாயில் எப்போதும் ஒரு சுளை புளி இருக்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்த நாட்களில் நான் கபடிக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து நடுவர், பாடிப் போகிறவன் வாயருகே காதை வைத்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். பாட்டு அறுந்தால் விசில். எத்தனையோ பேருடைய பீடி நாற்றத்தையும் வெங்காய நாற்றத்தையும் ஓடி ஓடி முகர்ந்தவன் நான். வெள்ளையனிடம் மட்டும் புளி. தொண்டை வறளாமல் இருக்குமாம். கல்வராயன் மலையில் புளி மூட்டையைத் தலையில் வைத்து இறங்கும்போது அடிவாரம் வரைக்கும் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே வருவான். ஏறும்போதும் அதே பாட்டுதான். மழைக்காலத்திலும் அதை விட்டதில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருப்பார்கள், பஸ் ஓடாது. டீக்கடைக்கு டீக்கடை ஒரு நீதிபதி உட்கார்ந்து யாருக்குத் தகுதி இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களில் பெரிய நீதிபதி ஒரு நெல் மண்டி முதலாளி. சொந்தமாகக் கபடி அணி வைத்திருந்தார். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஆட்களை ஆடவைப்பார். மலையிலிருந்து வெள்ளையனைக் கூட்டிவந்ததும் அவர்தான். கோப்பை வந்தால் கூட்டத்துக்கு விளக்கம் கொடுப்பார். "அது இன்னா தெறமையா? மலைக்காத்து! அதை முழுங்கிக்கினு வளந்தவன், மூச்சு தானா நிக்குது. ஆட்டத்துக்கு மூள போடறவன் எங்க பாஸ்கரு."

பாஸ்கர் அவருடைய அக்கா மகன். அவன் எதிராளி மேல் பாய்வதற்குள் அந்த எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அப்பேர்ப்பட்ட மூளை.

முதலாளி தன் தத்துவத்தை நிஜமாகவே நம்பினார் என்பதுதான் வேடிக்கை. காற்றுதானே, நம் பையனும் குடிக்கட்டும் என்று பாஸ்கரை ஒரு மாதம் வெள்ளிமலைக்கு அனுப்பினார். பாஸ்கர் காற்றைக் குடித்தானோ இல்லையோ, நாட்டுக்கோழியையும் தேனையும் விடவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கும்போது ஒரு சுற்று பெருத்திருந்தான்.

அந்தச் சமயம் பார்த்து வெளியூர் ஆலை ஒன்று தன் கபடி அணிக்கு ஒரே ஒரு ஆள் எடுக்க வந்தது. நிரந்தர வேலை. வெள்ளையன் அந்த வேலைக்காகத்தான் அவ்வளவு நாளும் முதலாளியின் பேச்சைப் பொறுத்துக்கொண்டிருந்தான். வேலை கிடைத்தால் புளி மூட்டை தூக்க வேண்டாம், பொண்டாட்டி பிள்ளையைக் கீழே கூட்டிவந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் குடிவைக்கலாம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

கபடியில் எடை வரம்பு உண்டு. எங்கள் ஊரில் ஆட்டக்காரர்களை முதலாளியின் மண்டித் தராசில்தான் நிறுப்பார்கள். விவசாயி மூட்டையை ஏற்றினால் எப்போதும் குறைத்தே காட்டும் தராசு அது. ஊரே அதைத் திட்டும். அன்றைக்குப் பாஸ்கரையும் குறைத்துக் காட்டியது. பெருத்த உடம்போடு வரம்புக்குள் நின்றான் பாஸ்கர். முதலாளியின் முகத்தில் வெட்கமும் இல்லை, வியர்வையும் இல்லை.

தேர்வு ஆட்டத்தில் வெள்ளையன் போனதெல்லாம் புள்ளி. பாஸ்கர் ஒரே ஒரு தடவை பாடிப் போனான். நடுக்கோட்டைத் தாண்டியதும் இருமினான். ஆலைக்காரர்கள் முதலாளி வீட்டில்தான் விருந்து சாப்பிட்டார்கள். கைகழுவிவிட்டு வந்து பாஸ்கர் பெயரைச் சொன்னார்கள்.

வெள்ளையன் முதலாளியிடம் போனான். "நான்தானங்க நல்லா ஆடனேன்?"

முதலாளி அவன் தோளில் கைபோட்டார். "இது மெரிட்டுக்குன்னு உள்ள எடம்பா. மலைசாதிக்காரன், உனக்கு கோட்டா கீது, கவர்மெண்டு எங்கனா குடுத்துடும். இவன் பாவம், எங்க போவான்?"

சிரித்து உருண்டிருக்க வேண்டும் நாங்கள். கூட்டம் தலையாட்டியது.

அடுத்த வாரம் ரிஷிவந்தியத்து அணியோடு இறுதி ஆட்டம். முதலாளி மலைக்கு ஜீப் அனுப்பினார், வெள்ளையன் வந்தான். கடைசிப் பாட்டு. இரண்டு பக்கமும் சமம். அவன் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் கோப்பை. நான் காதை நீட்டிக்கொண்டு கூடவே ஓடினேன். புளி வாசம், மணி அடித்தாற்போல் பாட்டு. மூலைக்காரன் ஒரு கை தூரத்தில் நின்றான். வெள்ளையன் நின்றான். வாயை மூடிக்கொண்டான்.

விசில் ஊதினேன்.

முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். "டேய், இன்னாடா ஆச்சு உனக்கு?"

"மலைக்காத்து தீந்துபோச்சுங்க" என்றான் வெள்ளையன். "உங்க பாஸ்கரு நெறைய குடிச்சிட்டு வந்துகீறாரே, அவரப் பாடச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் மறுபடி ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. திரும்பிப் போக ஜீப் தருவார்களா என்ன? நடந்தே போனான். அதற்குப் பிறகு அவன் கீழே வந்து ஆடவில்லை.

இப்போது அந்த மண்டி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். தராசு பழைய இரும்புக்குப் போனது. ஆடுகளத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கின்றன. பாஸ்கர் ஆலையிலேயே ஓய்வு பெற்றார், கல்யாணங்களில் எதிர்ப்பட்டால், "இப்பல்லாம் தகுதிக்கு ஏது சார் மதிப்பு?" என்று என்னிடமே கேட்கிறார். நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி பாயசம் கேட்பேன்.

டிவியில் பாட்டுக்கு இப்போது கடிகாரம் வைத்துவிட்டார்கள். காதை நீட்டிக்கொண்டு ஓடும் நடுவர் யாரும் இல்லை. சலூன்காரரிடம் சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். வர்ணனையாளர் குரல் கூடியது, மேளம் கூடியது, விளம்பரம் கூடியது. ஆடுகிறவன் வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது. அவன் மூச்சு மட்டும் எனக்குக் கேட்கவில்லை.